இரண்டு மீட்டருக்கு மேல்

எல்லோரும் வேலை செய்யும் இடத்தில் வேலையை நிறுத்துவதற்கென்றே ஒரு ஆளை வைத்திருப்பார்கள். மலேசியாவின் தெற்கே பாசிர் கூடாங்கில், எங்கள் கம்பெனியில், அந்த ஆள் நான்.

அடையாள அட்டையில் 'சேஃப்டி ஆபீசர்' என்று போட்டிருக்கும். ரசாயனத் தொழிற்சாலைகளில் பைப் மாற்ற, தொட்டி கழுவ, பெயிண்ட் அடிக்க எங்கள் கம்பெனி ஆள் அனுப்பும். அவர்கள் மேலே ஏறி வேலை செய்வதற்கு இரும்புக் குழாய்களைக் கோத்துச் சாரம் கட்டிக் கொடுப்பதும் நாங்கள்தான். நான் நடந்து வந்தால் ஹெல்மெட் வாரை மாட்டும் சத்தம் வரிசையாகக் கேட்கும். நான் தாண்டிப் போனதும் அதே வரிசையில் கழற்றும் சத்தமும் கேட்கும். உங்களில் யாராவது இந்த வேலையில் இருந்தால் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சு விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்த வேலையில் நான் அதிகமாகச் சொன்ன சொல் 'ஹைட்'. தமிழில் உயரம் என்று நல்ல சொல் இருக்கிறது. ஆனால் சைட்டில் அதைச் சொன்னால் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்துவிட்டார் என்று நினைப்பார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், வங்காளதேசத்துக்காரர் எல்லோருக்கும் பொதுவாக அது ஹைட்தான். 'இன்னிக்கு ஹைட்டா?' என்றால் மேலே வேலையா என்று அர்த்தம். 'அவரு ஹைட் ஆளு' என்றால் மேலே ஏற டாக்டரிடம் சான்றிதழ் வாங்கியவர் என்று அர்த்தம். எங்கள் கம்பெனி விதியில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கால் நிற்கும் இடம் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் போனால் அது ஹைட். அப்புறம் உடம்பில் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வார் மாட்ட வேண்டும், அதன் கொக்கியைக் கம்பியில் போட வேண்டும், பெர்மிட் வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வகுப்பில் ஒரு கேள்வி

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் வகுப்பு எடுப்பேன். பழைய கண்டெய்னர் ஒன்றில் ஏர்கான் மாட்டி, நாற்காலி போட்டு, அதை வகுப்பறை என்று சொல்லிக்கொள்கிறோம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஹைட் என்றால் என்ன? பதில்கள் ஒவ்வொரு வாரமும் வேறு வேறாக வரும். செடெனாக் பக்கம் எண்ணெய்த் தோட்டத்தில் நீளக் கம்பால் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், "எங்களுக்கு ஹைட் எல்லாம் கம்போட முனையில இருக்கும் மேடம், காலு தரையிலதான்" என்றார். இன்னொருவர், விழுந்தால் செத்துப்போகிற தூரம் என்றார். இரண்டு மீட்டரிலிருந்து விழுந்தும் சாகலாம் என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இரண்டு மீட்டர் என்பது வீட்டுக் கதவின் உயரம்தானே என்று கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கடைசி வரிசையில் ஒரு வங்காளதேசத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக இந்த நாட்டில் பெயிண்ட் அடிக்கிறவர். இந்த வகுப்பைப் போல எத்தனையோ வகுப்பில் தூங்கியவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவரையும் கேட்டேன். மலாயில் நிதானமாகப் பதில் சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன்பே என் சிரிப்பு நின்றுவிட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அவர் சொன்னது இதுதான்: "பாஸ் ஏறி வராத இடம்தான் ஹைட்."

லோரிக்கு மேலே

சாமான் வைத்திருக்கும் எங்கள் யார்டிலிருந்து சைட்டுக்குச் சாரக் குழாய்களை ஏற்றிப் போகும் லோரிக்காரர் ஒரு சீன அங்கிள். அறுபது வயதிருக்கும். சாமான் ஏற்றி முடித்ததும், குவித்த குழாய்களின் மேல் சிலிப்பரோடு ஏறி நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து கேன்வஸை இழுத்துக் கட்டுவார். தரையிலிருந்து மூன்று மீட்டர் இருக்கும். நான் ஓடிப் போய், "அங்கிள், இறங்குங்க, இது ஹைட்" என்றேன்.

அவர் மேலிருந்தே என்னைப் பார்த்தார். பிறகு லோரியைப் பார்த்தார். ஏதோ அவருடைய பேரப்பிள்ளையைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிவிட்டது போல முகம் சுருங்கிவிட்டது. இறங்கி வந்தார். தரையில் நின்றபடி நீளமான கொக்கிக் கம்பால் கேன்வஸை இழுத்துக் கட்ட அன்றைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி மலாயில் சொன்னார்: "முப்பது வருஷமா இதுல ஏறுறேன். இது ஹைட்டா இருந்தா இத்தனை வருஷத்துல யாராவது சொல்லியிருப்பாங்க. இது லோரி."

ரம்புத்தான்

எங்கள் யார்டின் வாசலில் காவல் கூண்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் இருக்கிறது. காவலுக்கு இருப்பவர் பாக் டின், வயதான மலாய்க்காரர், அளந்து பேசுகிறவர். ஒரு நாள் மத்தியானம் மரத்தின் நடுக்கிளையில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பாக் டின். உடம்பில் முழு ஹார்னஸ். இரண்டு கொக்கியில் ஒன்று மேல் கிளையில் மாட்டியிருந்தது. அடுத்த கிளைக்கு நகர்வதற்கு முன்னால் மற்றக் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் முதல் கொக்கியைக் கழற்றினார். கண்ணாடி, கையுறை எல்லாம் இருந்தது. செவ்வெறும்புக்குப் பயந்து கழுத்தில் துண்டு வேறு.

ஆறு வருஷமாக நான் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்ததை, யாரும் சொல்லாமலே, ஒரு தவறும் இல்லாமல் செய்து காட்டிய முதல் ஆள் அவர்தான். அதுவும் ஸ்டோரிலிருந்து கேட்காமல் எடுத்த ஹார்னஸில், வேலை நேரத்தில், பழம் பறிக்க. திட்டுவதா, மற்றவர்களைக் கூப்பிட்டு வந்து காட்டுவதா என்று தெரியாமல் கீழே நின்றேன். அவரே மேலிருந்து குனிந்து, அக்கா என்பதற்கு மலாயில் சொல்லும் 'காக்' போட்டுச் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன், காக். பெர்மிட் மட்டும்தான் இல்ல. பழம் வேணுமா?"

எங்கள் வீட்டு ஃபேன்

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். தினமும் மோட்டாரில் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். கிடைத்த ஒரு நாள் லீவில், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று சாப்பாட்டு மேசையை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டார். மேசை மேல் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலி மேல் அவர். சமையலறையிலிருந்து வந்த நான் கரண்டியோடு நின்று முழு வகுப்பையும் எடுத்துவிட்டேன். தரையிலிருந்து கால் எவ்வளவு தூரம், நாற்காலி வழுக்கினால் தலை எங்கே போய் இடிக்கும், எல்லாம் சொன்னேன். அவர் இறக்கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீட்டின் தரைத் தளம். மேல் வீட்டுத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டும், கரப்பான் வரும், பூனை வரும். மேலே காற்றோட்டமாக வீடு கிடைத்தும் இதைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு இறக்கையைத் துடைத்து முடித்து, மெதுவாக இறங்கி, நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலாவது மாடியில இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குப் போனா நீ பால்கனி பக்கமே வர மாட்ட. எனக்கு ஹைட் பாடம் எடுக்கற."

டேப்பைப் பிடிங்க

ஆமாம், எனக்கு உயரம் என்றால் பயம். மீன்காரருக்கு மீன் நாற்றம் ஆகாது என்பது போல. வேலைக்கு விண்ணப்பித்தபோது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாரப் பரிசோதனைப் படிப்பில் தாளில் நல்ல மார்க் வாங்கினேன். பயிற்சிக்குக் கட்டியிருந்த சாரம் ஒரே தட்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறி இறங்கிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு தொட்டியைச் சுற்றிக் கட்டிய சாரத்தில் ஏறினேன். இரண்டாவது தட்டில் கால் வைத்ததும் பலகைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் தரை தெரிந்தது. அவ்வளவுதான். கை கம்பியைப் பிடித்தது, விடவில்லை. நானே விடச் சொல்லியும் விடவில்லை. கீழே பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த சேஃப்டி ஆபீசரின் கதை அன்றோடு முடிந்தது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது மேலே வந்தவர்தான் காஜா பாய். எங்கள் கம்பெனியில் சாரம் கட்டும் ஆட்களுக்குத் தலைவர், கட்டியதைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் தகுதியும் வாங்கியவர். பத்து பாகாட் என்ற ஊரில் அவர் அண்ணன் தம்பிகள் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். இவர் மட்டும் அடுப்படிச் சூடு ஆகாது என்று இரும்புக்கு வந்துவிட்டவர். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இடுப்பிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்து அதன் முனையை என் கையில் திணித்து, கீழே உள்ளவர்களுக்குக் கேட்கும்படி, "மேடம், இந்த ஏணிப் படியெல்லாம் ஒரே அளவா இருக்கான்னு பாத்துடலாம், நீங்க பிடிச்சிக்கிட்டே வாங்க" என்றார். ஒரு படி அளந்தார், நான் ஒரு படி இறங்கினேன். அடுத்த படியை அளந்தார். அப்படியே தரைக்கு வந்து சேர்ந்தோம். புது மேடம் பெரிய கறார் பேர்வழி என்று பேர் கிடைத்ததுதான் மிச்சம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே காஜா பாய் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அளவு சரியா இருக்கு தங்கச்சி. இனிமே நானே ஏறி அளந்துக்கறேன்."

மேலே வந்து அளக்கட்டும்

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சாரத்தின் ஏணி அடியில் ஒரு டேக் தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக்கூடாது. பச்சை டேக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று பரிசோதகர், இன்னொன்று சேஃப்டி. கட்டியவரே சரி என்று சொன்னால் போதாது, வேறொரு ஆளும் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இரண்டாவது கையெழுத்து. காஜா பாய் ஏறுவார். கேமராவுக்கு அனுமதி வாங்கிய போனில் ஒவ்வொரு தட்டையும், குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒவ்வொரு கிளாம்ப்பையும் படம் எடுத்து அனுப்புவார். நான் கீழே நின்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். தப்புதான். தெரிந்தே செய்த தப்பு. அவர் கண் என் கண்ணைவிட நல்ல கண் என்று சொல்லிச் சொல்லி ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ஹைட் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் அளவைத் தாண்டினால் மேலே ஏற விடமாட்டார்கள். ஆட்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது என் வேலை. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னாலேயே காஜா பாய் பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக்கை விட்டு, பாலும் சீனியும் போடாத தே ஓ குடிக்க ஆரம்பித்துவிடுவார். பச்சைப் பூண்டு மெல்லுவார். பக்கத்தில் நிற்க முடியாது. அப்படியும் கையில் பட்டையைச் சுற்றினால் ஏறிவிடும். ஏர்கானில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை அளந்து, எப்படியோ தப்பித்து வருவார். ஒரு வருஷம் வெளியே வந்து சட்டைக் கையை இறக்கிவிட்டபடி என்னிடம் முறையிட்டார்: "டாக்டரை மேல வந்து அளக்கச் சொல்லுங்க தங்கச்சி. அங்க எனக்குப் பிரஷரே கிடையாது."

மழைக்கு மறுநாள்

போன வருஷம் ஒரு தொழிற்சாலையை முழுசாக நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அங்கே டவர் ஒன்றுக்குக் காஜா பாயின் ஆட்கள் ஏழு தட்டில் சாரம் கட்டியிருந்தார்கள். அதில் ஏறி, பைப்புகளில் சூடு வெளியே போகாமல் உறை சுற்றப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மணியம் என்பவர் தலைவர். ஒரு சாயங்காலம் பேய்க்காற்றோடு மழை கொட்டியது. அப்படி அடித்தால் பழைய பச்சை டேக் செல்லாது; காலையில் மறுபடி சாரத்தைப் பரிசோதித்த பிறகுதான் யாரும் ஏறலாம்.

மறுநாள் காலையில்தான் காஜா பாயின் மருத்துவ முடிவும் வந்தது. மூன்று தடவை அளந்தும் இறங்கவில்லை. 'ஹைட் வேலைக்குத் தகுதியில்லை' என்ற கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பதினெட்டு வருஷ வேலையில் முதல் தடவையாக, மேலே ஏறாமல், சாரத்தின் அடியில் என்னோடு நின்றார். எங்களுடைய இன்னொரு பரிசோதகர் பத்து பாகாட்டில் ஒரு துணி ஆலைக் கூரை வேலையில் இருந்தார்; மத்தியானத்துக்குமேல்தான் வர முடியும். தொழிற்சாலையின் இன்ஜினியர் புவான் ஹிடாயா இரண்டு தடவை வந்து எப்போது ஏறலாம் என்று கேட்டுவிட்டார். பன்னிரண்டு பேரும் பசியாறி முடித்து, கையுறையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காஜா பாயின் ஆட்களில் மூத்தவர் ரவி. ஏறச் சான்றிதழ் உண்டு, பரிசோதிக்கத் தகுதி இல்லை. காஜா பாய் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரவிதான் என் பக்கம் வந்து, உதவி செய்கிற குரலில், மெதுவாகச் சொன்னார்: "நான் ஏறிப் படம் எடுத்து அனுப்பறேன்க்கா. பத்து பாகாட் ஆளு வந்து அப்புறமா போட்டுக்கட்டும். நீங்க வழக்கம் போல கையெழுத்து போட்டுடுங்க."

ஐந்தாவது தட்டு

'வழக்கம் போல' என்ற சொல் என்னைச் சுட்டது. ஆறு வருஷமாக நான் நம்பியது படத்தை இல்லை, படம் எடுத்த ஆளை. அந்த ஆள் இப்போது என் பக்கத்தில் தரையில் நிற்கிறார். நான் கையெழுத்துப் போட்டால், யாருமே சரியாகப் பார்க்காத சாரத்தில், என் பேரை நம்பிப் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததால்தான் ஹார்னஸை எடுத்து மாட்டினேன்.

முதல் தட்டு ஏறினேன். இரண்டாவதில் பழையபடி கை இறுகியது. வாக்கிடாக்கியில் காஜா பாயின் குரல் வந்தது.

"என்ன தெரியுது?"

"தரை தெரியுது பாய்."

"தரைய நான் பாத்துக்கறேன். உங்க கையில என்ன இருக்கு?"

"கம்பி."

"கம்பிக்குப் பக்கத்துல?"

"கிளாம்ப்."

"அத நல்லாப் பாருங்க. நட்டு எறுகியிருக்கான்னு சொல்லுங்க. அப்புறம் அடுத்தது."

அப்படித்தான் போனேன். ஒரு கிளாம்ப், ஒரு பதில். எதிரே வந்த ஒவ்வொரு கம்பியையும், நான் விட்டால் அது ஓடிப்போய்விடும் என்பது போலப் பிடித்தேன். பலகையில் கால் வைப்பதற்கு முன்னால் காலால் தட்டினேன், கையால் அழுத்தினேன். மூன்று, நான்கு. முதுகெல்லாம் வேர்வை. ஐந்தாவது தட்டில், ஏணி வந்து சேரும் வாயில் ஓரத்தில், தடுப்புக் கம்பியைப் பிடித்தேன். அது என் பக்கம் வந்தது.

"பாய், இந்தக் கம்பி ஆடுது."

"கொக்கிய வேற கம்பியில மாட்டுங்க மொதல்ல. மாட்டிட்டீங்களா? இப்ப ஆட்டிப் பாருங்க."

"நல்லாவே ஆடுது. கிளாம்ப் நட்டு லூசா இருக்கு."

"எறங்குங்க தங்கச்சி. மெதுவா வாங்க. சிவப்பு போட்டுடுங்க."

தான் கட்டிய சாரத்துக்குச் சிவப்பு டேக் போடச் சொல்ல அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இறங்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். தரைக்கு வந்ததும் டேக்கைக் கட்ட விரல் வரவில்லை, அவர்தான் கட்டினார். முதலில் ரவியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஐந்தாவது தட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அங்கே எத்தனையோ தடவை, ரோட்டில் நடக்கிற மாதிரி, எதையும் தொடாமல் நடந்து போனவர் அவர். கடைசியில் சொன்னார்: "நேத்துக் காத்துல லூசாச்சோ, முன்னாலேயே அப்படித்தானோ, எனக்குத் தெரியல. பதினெட்டு வருஷத்துல நான் எந்தத் தடுப்புக் கம்பியையும் பிடிச்சதில்ல தங்கச்சி. படத்துல அது ஆடாது."

முகத்தைப் பார்ப்போம்

அன்றைக்கே புவான் ஹிடாயாவிடம் உள்ளதைச் சொன்னேன், ஆறு வருஷக் கதையையும் சேர்த்து. அவர் சத்தம் போடவில்லை. எழுதிக்கொண்டார். அது எங்கள் கம்பெனிக்குப் போய், எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயமான கடிதம். வேலை போகவில்லை என்பதே பெரிய விஷயம் என்று என் வீட்டுக்காரர் அன்று கடையில் மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கி வந்தார்.

ஆனால் தண்டனை அந்தக் கடிதத்தில் இல்லை. ரவியின் ஆட்கள் ஏழு தட்டிலும் எல்லா நட்டையும் முறுக்கி முடித்தார்கள். பத்து பாகாட்டிலிருந்து பரிசோதகரும் வந்து சேர்ந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சரி செய்த சாரத்தை முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது நானே சொல்லிக் கொடுத்த விதி. ஒரே நாளில் இரண்டாம் தடவை, இந்த முறை ஏழாவது தட்டு வரைக்கும் போனேன். அங்கிருந்து கடல் தெரியும், கப்பலெல்லாம் தெரியும் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிளாம்ப்.

காஜா பாய் இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இப்போது தரையில் ஸ்டோர் அவர் பொறுப்பு. ஒவ்வொரு ஹார்னஸையும் கையில் எடுத்துத் தையலை விரலால் தடவி, இழுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார். பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார் என்று ஆட்கள் என்னிடம் வந்து புகார் சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. போன மாதம் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று கிளினிக் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். மறுபடி ஏறப் போகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், பூண்டு சாப்பிடாமல் இருப்பதே சுகமாக இருக்கிறது என்றார்.

என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. சைட்டில் இப்போது அது எல்லோருக்கும் தெரியும். காஜா பாய் இருபது நிமிஷத்தில் முடித்த பரிசோதனைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. போன வாரம் வேறொரு தொழிற்சாலையில் மணியத்தின் ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் புதிதாக வந்த ஒருவர், இந்த அம்மா ஏறினால் தே ஓ குடித்துவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடலாம் போலிருக்கிறதே என்று முணுமுணுத்தாராம். நான் இறங்கி வரும்போது மணியம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது: "பொறு லா. அக்கா எறங்கினதும் மொகத்தைப் பாரு. வேர்த்துக் கொட்டியிருந்தா ஒழுங்காப் பாத்திருக்காங்கன்னு அர்த்தம், நீ தைரியமா ஏறலாம்."

ஊரெல்லாம் பயத்தை மறைத்துக்கொண்டு வேலை பார்க்கிறது, எனக்கு மட்டும் பயப்படுவதே வேலையாக அமைந்துவிட்டது.